சோலார், கீசர் இரண்டும் ஒரே பைப்பில்: அம்மா பாத்ரூமுக்கு எப்படி இணைப்பது?

பொருநைக்கரை · மார்ச் 18, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வீடு பாளையங்கோட்டை மகாராஜநகர். கீழ் வீடு, மேலே ஒரு மாடி. மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது, 20 கண்ணாடிக் குழாய், போட்டு ஐந்து வருஷம் ஆகிறது. அதிலிருந்து இறங்கும் பைப் மாடி பாத்ரூமுக்குக் கொடுத்துவிட்டு கீழே அம்மா பாத்ரூமுக்கு வருகிறது. அம்மாவுக்கு 74 வயது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சோலார் கை கொடுக்காது. அதனால் போன தீபாவளிக்கு அப்புறம் கீழ் பாத்ரூமில் 25 லிட்டர் கீசர் மாட்டினேன். வந்த பிளம்பர் சோலார் பைப்பில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு, கீசரின் வெந்நீர் வாயை அதில் சேர்த்துவிட்டார். "எது சூடா இருக்கோ அது வரும் சார்" என்றார். நானும் நம்பினேன்.

மாசியில் வெயில் ஏறியதும் கீசர் சுவிட்சை அணைத்துவிட்டோம். அன்றிலிருந்து கீழ் பாத்ரூமில் பட்டப்பகல் 2 மணிக்குக்கூட வெதுவெதுப்பாகத்தான் வந்தது. மாடியில் நல்ல சூடு. பிளம்பரைக் கேட்டதற்கு, கீசருக்குப் போகும் தண்ணீர் வால்வை அடைக்கச் சொன்னார். அடைத்தேன். மறுநாள் மதியம் அம்மா கை கழுவ அந்தக் குழாயைத் திறந்திருக்கிறார்கள். முதலில் பச்சைத் தண்ணீர் வந்தது. ஒரு மாதமாக வெதுவெதுப்பாகவே வந்த பழக்கத்தில் கையை எடுக்காமல் நின்றிருக்கிறார்கள். அப்புறம் வந்தது கொதிநீர். வலது புறங்கை முழுக்கக் கொப்பளம். பத்து நாளாகக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

வால்வை அடைத்தது என் கை. இதை முறையாக எப்படி இணைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த மார்கழிக்கு அம்மா விடியற்காலை 4.30க்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகவேண்டும். அவர்களுக்கு அது முக்கியம்.

ஆச்சி_வீடு · மார்ச் 18, இரவு 10.05

படிக்கவே மனசு தாங்கவில்லை தம்பி. அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? இனி இப்படி நடக்கக்கூடாது, நடந்தால் முதல் வேலையாகக் குழாயைத் திறந்து சாதாரணத் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டவேண்டும். ஐஸ், பற்பசை, மாவு எதையும் அப்பாதீர்கள். எங்கள் பக்கத்தில் பலர் வீட்டில் இன்னும் மாவைத்தான் அள்ளிப் போடுகிறார்கள்.

பேட்டை_பைப் · மார்ச் 18, இரவு 10.50

அண்ணாச்சி, நான் 28 வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், இதே டீயைப் பல வீட்டில் நான் பிரித்திருக்கிறேன்.

கீசருக்கும் சோலாருக்கும் தண்ணீர் ஒரே மேல் டேங்கில் இருந்து வருகிறது, இரண்டுக்கும் உயரம் ஒன்று, தள்ளும் வேகமும் ஏறக்குறைய ஒன்று. டீயில் இரண்டு வாயும் திறந்து கிடந்தால், குழாயைத் திறக்கும்போது இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் ஓடிவரும். கீசர் அணைந்திருந்தால் அது ஒரு பச்சைத் தண்ணீர்ப் பானை, அவ்வளவுதான். பாதி சோலார், பாதி பச்சை. அதுதான் உங்கள் வெதுவெதுப்பு. மாடிக் குழாய்க்கு சோலார் பக்கம், கீசர் சுற்றுவழி, அதனால் அங்கே சூடு குறையவில்லை. வால்வை அடைத்ததும் கலக்குவதற்கு ஆள் இல்லை. சோலார் தண்ணீர் அப்படியே இறங்கிவிட்டது. பங்குனி வெயிலில் யாரும் தண்ணீர் எடுக்காத வீட்டில் அது 75, 80 டிகிரி நிற்கும்.

டீயும் தப்பு, வால்வை அடைக்கச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. இன்னொன்றும் பாருங்கள். கீசரின் பச்சைத் தண்ணீர் வாயில் 'நான்-ரிட்டர்ன்' வால்வு, அதாவது தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத வால்வு, இருக்கிறதா? இல்லையென்றால் கீசர் போட்ட நேரத்தில் சூடு பின்வழியாக மேலே ஏறி மேல் டேங்குக்கே போயிருக்கும். கரண்டு பில்லில் தெரிந்திருக்குமே.

பொருநைக்கரை · மார்ச் 18, இரவு 11.15

அக்கா, அம்மா கை ஆறிவருகிறது, தோல் உரிந்து புதுத்தோல் வந்துவிட்டது. கேட்டதற்கு நன்றி.

பேட்டை அண்ணாச்சி, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். கீசரோடு வந்த சேஃப்டி வால்வு இன்னும் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. மாட்டவே இல்லை. நான் ரிட்டர்னும் இல்லை.

வள்ளியூர்_காற்று · மார்ச் 19, காலை 6.30

என் யோசனை எளிது. இணைக்கவே இணைக்காதீர்கள். சோலாருக்கு ஒரு குழாய், கீசருக்கு ஒரு குழாய், பச்சைத் தண்ணீருக்கு ஒன்று. மூன்று நிறத்தில் கைப்பிடி. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர். எங்கள் வீட்டில் 11 வருஷமாக இப்படித்தான்.

காரணம் சொல்கிறேன். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் போர் தண்ணீர் கடும் உப்பு. சூடு ஏறினால் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து படியும், 60 டிகிரிக்கு மேல் போனால் இன்னும் வேகமாகப் படியும். என் கீசர் காயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றினால் சிப்பி மாதிரி உரித்து எடுக்கலாம். இந்தத் தண்ணீரில் நுணுக்கமான வால்வு எதைப் போட்டாலும் ஒரு வருஷத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். எதில் சிக்கல் குறைவோ அதைச் செய்யுங்கள். நாங்கள் ஆனி ஆடிக் காற்றில் சோலார் ஸ்டாண்டைத் தட்டோடியோடு (மொட்டை மாடித் தளத்தோடு) காங்கிரீட்டில் பிடித்துவைத்துக் காப்பாற்றுவதே பெரிய பாடு.

ஆச்சி_வீடு · மார்ச் 19, காலை 7.10

வள்ளியூர்த் தம்பி சொல்வது கட்டுமஸ்தான ஆளுக்குச் சரி. 74 வயதில் குனிந்து மூன்று குழாயைத் திறந்து மூடி, வாளியில் விளாவி, கையை விட்டுப் பார்த்து... விடியற்காலை இருட்டில்? எங்கள் ஆச்சி காலத்தில் கொல்லையில் செங்கல் அடுப்பு, அதன்மேல் செம்புத் தவலை, பனைமட்டையும் கொதும்பும் வைத்து எரிப்பார்கள். ஆனால் ஆச்சி தானாக விளாவியதே இல்லை. எங்கள் அம்மா விளாவி, முழங்கையை விட்டுப் பார்த்து, அப்புறம்தான் "குளிங்க அத்தை" என்று கூப்பிடுவார். இப்போது வீட்டில் விளாவிக் கொடுக்க ஆள் இல்லை. அந்த வேலையைச் செய்ய ஏதாவது சாதனம் இருக்குமா?

கல்லிடை_அபர்தீன் · மார்ச் 19, மதியம் 1.20

இருக்கிறது அக்கா. அதற்காகத்தான் எழுத வந்தேன். ஊர் கல்லிடைக்குறிச்சி, இப்போது குடும்பத்தோடு ஸ்காட்லாந்தில். என் வீட்டில் இதே சண்டை வேறு உருவத்தில் நடந்தது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே குளிருக்குக் கீழ்வீட்டுத் தரைக்கு அடியில் 16 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாயை வளைத்து வளைத்து ஓட்டி, மேலே சிமெண்டுக் கலவை போட்டு மூடி, உள்ளே வெந்நீரைச் சுற்றவிடுகிறோம். மேல்வீட்டில் சுவரில், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர். பாத்ரூமில் மட்டும் இரண்டும் உண்டு. ஏன் இரண்டு? தரை மேற்பரப்பைக் கால் தாங்கும் அளவுக்குத்தான் சூடாக்கலாம். அறைகளில் 29 டிகிரி, பாத்ரூமில் 33 டிகிரி, அதுதான் ஐரோப்பியக் கணக்கில் மேல்வரம்பு. அந்த 33 டிகிரியில் ஒரு சதுர மீட்டர் தரை சுமார் 100 வாட் கொடுக்கும். தொட்டி, டாய்லெட், அலமாரி போக என் பாத்ரூமில் வெறும் தரை 3 சதுர மீட்டர், அதாவது 300 வாட். ஜனவரிக் குளிரில் அந்த அறை இழப்பது அதைப்போல இரண்டு மடங்கு. மீதியை, துண்டு காயப்போடும் ஏணி மாதிரி இருக்கும் ரேடியேட்டர்தான் ஈடுகட்டவேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தரைக்கு வேண்டியது 35லிருந்து 45 டிகிரித் தண்ணீர். ரேடியேட்டருக்கு 60, 65 வேண்டும். பாய்லர் ஒன்றுதான். எனக்கு வந்த பிளம்பர் சுலபம் பார்த்து, பாத்ரூம் ரேடியேட்டரைத் தரைக் குழாயின் 40 டிகிரிச் சுற்றிலேயே மாட்டிவிட்டார். அந்தச் சூட்டில் ரேடியேட்டர் கொடுக்கவேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் அதிகம். ஒரு குளிர்காலம் முழுக்க ஈரத் துண்டு. அதைத் திருத்த வந்தவர் பாய்லரை 65லேயே விட்டார். ரேடியேட்டருக்கு அங்கிருந்து நேராக எடுத்தார். தரைக்குப் போகும் வழியில் மட்டும் ஒரு கலப்பு வால்வு வைத்தார். தரையைச் சுற்றி ஆறித் திரும்பும் தண்ணீரில் ஒரு பகுதியை எடுத்து, 65 டிகிரித் தண்ணீரோடு கலந்து, 40 ஆக்கித் தள்ளும். வால்வு பழுதாகிச் சூடு ஏறினாலும் பம்ப்பை நிறுத்த ஒரு தனித் தெர்மோஸ்டாட். கோடையில் தரையை அடைத்துவிட்டு ரேடியேட்டரை மட்டும் ஓட்டத் தனித்தனி வால்வு. அன்றிலிருந்து குறை இல்லை. ஊரிலிருந்து வந்த அம்மா அந்தத் தரையில் கால் வைத்துவிட்டு, அந்தி நேரத்து மொட்டை மாடி மாதிரி இருக்கிறது என்றார்கள்.

பொருநைக்கரை, உங்கள் வீட்டிலும் இதேதான் வேண்டும். சேமிப்பது எவ்வளவு சூடாகவும் இருக்கட்டும். அம்மா குழாய்க்குச் சற்று முன்னால் கலந்து இறக்குங்கள். குளியலுக்கென்றே தெர்மோஸ்டாட் மிக்ஸிங் வால்வு கிடைக்கும். ஒரு வாயில் வெந்நீர், மறு வாயில் பச்சைத் தண்ணீர், நடுவில் 42 டிகிரி என்று திருகி வைத்துவிடலாம். உள்ளே மெழுகு அடைத்த ஒரு சிறு குப்பி சூட்டுக்கு ஏற்ப விரிந்து சுருங்கி இரண்டையும் கூட்டிக் குறைக்கும். கரண்டு வேண்டாம். பச்சைத் தண்ணீர் நின்றுபோனால் வெந்நீரையும் அடைத்துவிடும். மேல் டேங்க் காலியான நேரத்தில் சோலாரில் நிற்கும் கொதிநீர் மட்டும் இறங்குவதை அது தடுக்கும்.

ஆச்சி_வீடு · மார்ச் 19, மதியம் 1.45

விளாவு வால்வு! இதைத்தான் கேட்டேன்.

பேட்டை_பைப் · மார்ச் 19, இரவு 9.15

அபர்தீன் அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் நம்மூரில் இரண்டு விஷயம் பார்க்கணும். ஒன்று பிரஷர். உங்கள் ஊரில் மெயின் லைன் வேகம் இருக்கும். இங்கே மேல் டேங்கின் உயரம்தான் பிரஷர், பத்து மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு 'பார்' (பிரஷரை அளக்கும் அலகு). மகாராஜநகர் வீட்டில் கீழ்க் குழாய்க்கு ஏழு மீட்டர் இருந்தால் 0.7 பார் வரும், வால்வு வேலை செய்யும். மாடிக் குழாய்க்கு மூன்று மீட்டர்கூட இருக்காது, அங்கே குறைந்த பிரஷருக்கு என்று கேட்டு வாங்கணும், வாங்கும்போதே பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். வேகம் போதவில்லை என்று யாராவது பிரஷர் பம்ப்பை சோலாருக்குப் போகும் லைனில் வைக்கச் சொன்னால் செய்துவிடாதீர்கள். கண்ணாடிக் குழாய் சோலார் டேங்க் பிரஷர் தாங்காது, மேலே ஆவிக்குழாய் திறந்து இருக்கிறது. டேங்க் பிளந்துவிடும்.

இன்னொன்று உப்பு, வள்ளியூர்க்காரர் சொன்ன அதே விஷயம். வால்வின் இரண்டு வாயிலும் சல்லடையோடு நான் ரிட்டர்ன் போடணும். முன்னாலும் பின்னாலும் யூனியன் வைக்கணும், கழற்றி வினிகரில் ஊறவைக்க வசதியாக. சிமெண்டுக்குள் புதைத்துவிட்டால் தீர்ந்தது கதை.

பொருநைக்கரை, உங்களுக்கு ஆற்றுத் தண்ணீரா, போரா?

பொருநைக்கரை · மார்ச் 19, இரவு 9.50

கார்ப்பரேஷன் ஆற்றுத் தண்ணீர் சம்ப்பில் விழும். போர் தண்ணீரும் உண்டு. இரண்டும் ஒரே மேல் டேங்குக்குத்தான் போகிறது.

பேட்டை_பைப் · மார்ச் 19, இரவு 10.05

அப்போ முதல் செலவு அங்கேதான். 500 லிட்டரில் தனி டேங்க் வைத்து, தாமிரபரணித் தண்ணீரை மட்டும் அதில் ஏற்றுங்கள். சோலார், கீசர், அம்மா பாத்ரூம் பச்சைத் தண்ணீர் மூன்றும் அதிலிருந்து. போர் தண்ணீர் பழைய டேங்கில் ஃபிளஷுக்கும் செடிக்கும் போகட்டும். இரண்டு லைனும் ஒரே டேங்கில் இருந்தால் வால்வுக்கும் பிரஷர் சமமாக இருக்கும். இதைச் செய்யாமல் வால்வு வாங்கினால் வள்ளியூர்க்காரர் சொன்னதுதான் நடக்கும்.

இயற்பியல்_வாத்தியார் · மார்ச் 20, மாலை 5.30

கீசரையும் சோலாரையும் பக்கத்தில் பக்கத்தில் இணைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக இணையுங்கள் என்பது என் கருத்து. சோலார் தண்ணீர் கீசருக்குள் நுழையவேண்டும், கீசரிலிருந்து வால்வுக்கு வரவேண்டும். சோலார் 65ல் வந்தால் கீசரின் தெர்மோஸ்டாட் தானாகச் சும்மா இருக்கும். மேகமூட்டத்தில் 40ல் வந்தால் மீதியை மட்டும் ஏற்றும்.

கணக்கு சொல்கிறேன். என் வீட்டில் மார்கழிக் காலையில் டேங்க் தண்ணீர் 25 டிகிரி. 25 லிட்டரை 25லிருந்து 60க்கு ஏற்ற ஒரு யூனிட், 2 கிலோவாட் கீசரில் அரை மணி நேரம். 40லிருந்து என்றால் 0.6 யூனிட் போதும், 18 நிமிஷம். அந்த 25 லிட்டர் 60 டிகிரித் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு 42க்கு விளாவினால் 50 லிட்டர் கிடைக்கும், அம்மா குளிக்கத் தாராளம். சோலார் டேங்கிலேயே ஹீட்டர் கம்பி வைக்கச் சிலர் சொல்வார்கள். 200 லிட்டரை 20 டிகிரி ஏற்ற நாலரை யூனிட்டுக்கு மேல் போகும், ஒரு ஆள் குளிக்க அது எதற்கு?

இன்னொரு லாபமும் உண்டு. மொட்டை மாடியிலிருந்து கீழே வர 15 மீட்டர் பைப் என்றால், முக்கால் அங்குல சிபிவிசி பிளாஸ்டிக் பைப்பில் கிட்டத்தட்ட 4 லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கிறது. அம்மா கையைச் சுட்டதே அந்த முதல் 4 லிட்டரை நம்பித்தான். கீசர் பாத்ரூமிலேயே இருப்பதால் இனி முதல் சொம்பிலிருந்தே ஒரே சூடு வரும்.

60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடியில் தோலை வேகவைத்துவிடும். வயதானவர்களின் தோல் மெலிதாக இருக்கும், கையை இழுக்கவும் நேரமாகும். அதற்குப் பயந்து கீசரையே 42ல் வைக்காதீர்கள். தேங்கிய வெதுவெதுத் தண்ணீரில், 20லிருந்து 45 டிகிரிக்குள், நிமோனியா தரும் லெஜியோனெல்லா கிருமி பெருகும். சேமிப்பு 60, குழாயில் 42. இரண்டையும் சேர்த்துச் செய்யத்தான் வால்வு.

வள்ளியூர்_காற்று · மார்ச் 20, இரவு 8.00

வாத்தியார் ஐயா, 75 டிகிரித் தண்ணீரை எல்லாக் கீசரும் தாங்காது. என் மைத்துனர் வீட்டில் 3 லிட்டர் உடனடிக் கீசரில் சோலார் லைனைக் கொடுத்தார்கள், சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் கட் அவுட் வாரம் ஒரு தடவை விழுந்து நிற்கும். கோடை முழுக்க அந்தச் சூட்டைக் கீசருக்குள் ஏன் விடவேண்டும்?

பேட்டை_பைப் · மார்ச் 20, இரவு 8.40

இது நியாயம். கீசர் வாங்கிய கடையில் சூடான தண்ணீர் உள்ளே விடலாமா, எத்தனை டிகிரி வரை என்று எழுத்தில் கேளுங்கள். அதோடு மூன்று 'பால்' வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடுவது) வைத்து ஒரு சுற்றுவழி போட்டுவிடலாம். தை பிறந்ததும் கீசரை ஒதுக்கி சோலார் நேராக மிக்ஸிங் வால்வுக்கு, ஐப்பசியில் கீசர் வழியாக. எந்த வழியில் போனாலும் விளாவு வால்வைத் தாண்டித்தான் அம்மா குழாய்க்குப் போகணும். வெளியே எந்தக் கைப்பிடியைத் தப்பாகத் திருப்பினாலும் அம்மாவுக்குக் கொதிநீர் போகக்கூடாது. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கீசர் வாயில் நான் ரிட்டர்ன் வந்தபிறகு, 25 லிட்டர் சூடாகி விரியும்போது கால் லிட்டருக்கு மேல் போக இடம் வேண்டும். அட்டைப்பெட்டியில் கிடக்கிற சேஃப்டி வால்வை மாட்டுங்கள். அது சொட்டும், சொட்டட்டும், அடைத்துவிடாதீர்கள்.

ஜங்ஷன்_வயரிங் · மார்ச் 20, இரவு 10.10

குழாய் பேசிவிட்டீர்கள், நான் கரண்டு பேசுகிறேன். கீசருக்குத் தனி லைன், தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் உடனே நிறுத்தும் சுவிட்ச்), சரியான எர்த். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். வெள்ளம் வந்து கரண்டு இல்லாத நாளுக்கு ஒரு விறகடுப்பையும் வீட்டில் விட்டுவையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் எங்கள் தெருவில் சோலாரும் இல்லை, கரண்டும் இல்லை, கைக்குழந்தை இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அடுப்பில்தான் வெந்நீர் போட்டோம்.

பொருநைக்கரை · மார்ச் 21, காலை 6.50

எல்லோருடைய பதிலையும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "விளாவு வால்வா, நல்ல பேரு" என்றார்கள். தனி டேங்க், ஒன்றன்பின் ஒன்றாகக் கீசர், சுற்றுவழி, மிக்ஸிங் வால்வு என்று முடிவு. அதுவரை சோலார் லைனைக் கீழ் பாத்ரூமில் மூடி முத்திரை போட்டுவிட்டேன்.

பொருநைக்கரை · டிசம்பர் 22, காலை 7.30

மார்கழி பிறந்து ஒரு வாரம். பலர் தனிச்செய்தியில் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

வேலை ஆடியில் முடிந்தது. கடையில் கேட்டதற்கு 25 லிட்டர் கீசரில் 70 டிகிரி வரை உள்ளே விடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள், அதனால் கோடையில் சுற்றுவழிதான். கண்ணாடிக் குழாய்களை ஒரு தடவை கழற்றிக் கழுவினோம், பழைய போர் தண்ணீர்ச் சுண்ணாம்பு அரை வாளி வந்தது. திரும்பத் தண்ணீர் நிரப்பியது சூரியன் உதிக்கும் முன்னால். காய்ந்து சூடேறிய குழாயில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று அண்ணாச்சி ஒருவர் போனில் சொல்லியிருந்தார்.

இன்று நான்காவது நாளாக வெயில் இல்லை, சோலார் 33 டிகிரிதான். 4 மணிக்குக் கீசரைப் போட்டேன், 4.30க்கு அம்மா குளித்தார்கள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், குழாயில் 41.5. இப்போதும் அவர்கள் முதலில் இடது கையைத்தான் நீட்டுகிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சந்தேகம். இரண்டு நாளாக வேகம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வால்வா, சல்லடையா?

பேட்டை_பைப் · டிசம்பர் 22, காலை 8.05

பெரும்பாலும் சல்லடை. மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கலங்கி வரும். வெந்நீர்ப் பக்கச் சல்லடையை முதலில் கழற்றுங்கள். கீசரை அணைத்து, இரண்டு லைனையும் மூடி, குழாயைத் திறந்து சூடு வடிந்த பிறகு. கழுவி மாட்டியதும் திரும்பத் தெர்மாமீட்டர் வைத்து 42 வருகிறதா என்று பார்த்துவிட்டு அம்மாவை விடுங்கள்.

பொருநைக்கரை · டிசம்பர் 22, மாலை 6.20

சல்லடைதான் அண்ணாச்சி. வண்டல் மண். கழுவி மாட்டியாயிற்று, 42.